டேடோனாவின் பிடிவாதம்

கார் பிரியர்களிடம் லம்போர்கினி மியூரா என்று சொல்லிப் பாருங்கள், முகமே மலர்ந்துவிடும். என் மனசு என்னவோ அதற்குப் பின்னால் வந்தும் அதைவிடப் பழைய வழியில் செய்யப்பட்ட ஒரு காரிடம்தான் போய் நிற்கிறது. ஃபெராரி 365 ஜிடிபி/4. உலகம் அதை டேடோனா என்றே அழைக்கிறது. 1967-இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஃபெராரி கார்கள் பிடித்ததால் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர் அது.

1966-இல் மியூரா எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. ஃபெராரியின் பந்தயக் கார்களிலும் அதற்குள் எஞ்சின் பின்னால் போயிருந்தது. ஆனால் 1968 பாரிஸ் கண்காட்சியில் விற்பனைக்கென்று நிறுத்திய டேடோனாவில், 12 சிலிண்டர் எஞ்சின் பழையபடி முன்னால்! குதிரை வண்டியை இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது என்பாராம் நிறுவனர் என்ஸோ ஃபெராரி. கிழவரின் பிடிவாதம்தான். அந்தப் பிடிவாதம் மணிக்கு 280 கிலோமீட்டர் ஓடியது.

உருவத்தை வரைந்தவர் கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவின் லியோனார்டோ ஃபியோரவந்தி. நீண்ட மூக்கு, பின்தள்ளி உட்கார்ந்த கூரை, சட்டென்று முடியும் வால். முதலில் வந்தவற்றில் முகப்பு விளக்குகள் ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னால் இருந்தன. அமெரிக்க விதிகள் குறுக்கிட்டதால் பிறகு எழும்பி மடங்கும் விளக்குகள் வந்தன. எனக்கு அந்தப் பழைய முகம்தான் அழகு.

4.4 லிட்டர் எஞ்சின், ஆறு வெபர் கார்புரேட்டர்கள், சுமார் 350 குதிரைத்திறன். எடை ஒரே பக்கம் சாயாமலிருக்க கியர்பாக்ஸை மட்டும் பின்சக்கரங்களிடம் கொண்டுபோய் வைத்தார்கள். பவர் ஸ்டியரிங் கிடையாது. ஊருக்குள் திருப்பி நிறுத்துவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்று ஓட்டியவர்கள் எழுதுகிறார்கள். வேகம் ஏற ஏற ஸ்டியரிங் இளகிக் கொடுக்குமாம். இதைக் குறை என்று நான் எண்ணவில்லை. கடைத்தெருவுக்குப் போய்வரச் செய்த வண்டியா அது? மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை 1964-இல் முழுமையடைந்த நெடுஞ்சாலை காத்திருந்தது. காலையில் மிலானில் காபி குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு, பெட்டி படுக்கையோடு, ரோமில் போய் இறங்க வேண்டும். கிராண்ட் டூரிங் என்பதன் பொருள் அவ்வளவுதான்.

நெடுந்தூரத்துக்கு அது எவ்வளவு ஏற்றது என்பதை 1971-இல் அமெரிக்கர்கள் பார்த்தார்கள். பந்தய வீரர் டான் கர்னியும் பத்திரிகையாளர் பிராக் யேட்ஸும் ஒரு டேடோனாவில் நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியக் கடற்கரைக்கு 35 மணி 54 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். சட்டப்படி நடந்த ஓட்டம் என்று சொல்ல முடியாது.

1973-இல் அடுத்து வந்த காரில் எஞ்சின் நடுவுக்குப் போனது. பிடிவாதம் தோற்றது என்றுதான் அன்றைக்குத் தோன்றியிருக்கும். ஆனால் 1996-இல் 550 மாரனெல்லோவில் ஃபெராரி எஞ்சினை மறுபடி முன்னால் கொண்டுவந்தது. 2024-இல் அறிமுகமான 12 சிலிண்டர் ஃபெராரிக்கும் எஞ்சின் முன்னால்தான்.