கையால் பார்ப்பது

ஏலக்காயைத் தரம் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அம்மா. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கும் வேலை அவளுக்கு. எட்டு மில்லிக் காய், ஏழு மில்லிக் காய் என்று அளவு பிரிக்கச் சல்லடை உண்டு. ஆனால் வெடித்த காயையும் சப்பைக் காயையும் பூச்சி அரித்ததையும் அவள் விரல்தான் கண்டுபிடிக்கும். "கண்ணால பாத்தா ஏமாந்துருவ, கையால பாரு" என்பாள்.

பள்ளிச் சுற்றுலாவில் முதன்முதலாக ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனபோது, "தொடாதே, நிக்காதே, வரிசையில போ" என்ற மூன்று சொற்கள்தான் காதில் விழுந்துகொண்டே இருந்தன. நின்று பார்க்க நேரமில்லாத இடத்துக்கு எங்களை எதற்கு அழைத்து வந்தார்கள் என்ற கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. நான் இந்த வேலைக்கு வந்ததே அந்தக் கேள்வியால்தான்.

அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை என்று சொன்னால், "கைடா?" என்று கேட்கிறார்கள் உறவுக்காரர்கள். இல்லை. இதற்குப் படிப்பு இருக்கிறது. பரோடா பல்கலைக்கழகத்தில் 1952லேயே அருங்காட்சியகவியல் துறை வந்துவிட்டது. நம் அரசு அருங்காட்சியகங்களில் 'காப்பாட்சியர்' என்று ஒரு பதவி உண்டு. அழகான சொல். ஆனால் பொருளைக் காப்பது பாதி வேலைதான். அதன்முன் வந்து நிற்கும் பிள்ளைக்கு வாய் திறக்கத் தோன்றவேண்டும். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் ஒரு மருத்துவர். உயிருள்ள விலங்குகளையும் அங்கே வைத்தார். பார்க்க ஊரே திரண்டது. 1855இல் சென்னையின் விலங்குக்காட்சிச்சாலை அப்படித்தான் பிறந்தது. சனங்கள் வராத அருங்காட்சியகம் எதற்கு என்று அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும்.

ஒருமுறை போடிக்குப் பக்கத்தில் குரங்கணியில் ஒரு பள்ளிக்கு அருங்காட்சியகப் பெட்டி ஒன்றோடு போயிருந்தேன். பழைய சல்லடை, பச்சைக் காயோடு ஒரு சரம், அதற்கு நான் எழுதிய விளக்க அட்டை. எலெட்டாரியா கார்டமோமம் என்ற தாவரப் பெயரும், ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ என்ற கணக்கும் அட்டையில் இருந்தன. தலைக்குமேலே டாப் ஸ்டேஷன். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்துகொண்டிருந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை ஓடிய ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதையெல்லாம் சொல்லத் தயாராகப் போயிருந்தேன்.

சரத்தைக் கையில் கொடுத்து, "இது எங்க காய்க்கும்?" என்று மட்டும் கேட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பதில் சொல்லாமல் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். செடி தலைக்குமேல் வளர்ந்தாலும் காய் அடித்தூரில், மண்ணை ஒட்டித்தான். இடது கையால் இலையை ஒதுக்கி, வலது கையால் முற்றின காயை மட்டும் கிள்ளி, பிஞ்சை விட்டு, உட்கார்ந்தபடியே அடுத்த தூருக்கு நகர்ந்து காட்டினாள். நாற்பது நாள் போல ஆனால் அதே தூருக்குத் திரும்பி வரவேண்டுமாம். விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் போகும் அவள் அம்மா, நாளெல்லாம் அப்படித்தான் இருப்பாராம். "சாக்கு போட்டுத்தான் சார் உக்காருவாங்க. மழைன்னா அதுவும் நனைஞ்சுரும்."

வகுப்பு அமைதியானது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஸ்டோரில் காய் காயும்போது வரும் வாசனை, அட்டைப்பூச்சி, ஜீப்பில் பாட்டு. கம்பிவடக் கதையைச் சொல்ல அன்று நேரம் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமுமில்லை.

என் அட்டையில் தாவரப் பெயர் இருந்தது, எடைக் கணக்கு இருந்தது. குனிந்த முதுகு இல்லை. காய் பிரிக்கிறவளின் மகன் எழுதிய அட்டையிலேயே இல்லை. அன்றிரவு அதைக் கிழித்துவிட்டு வேறு எழுத உட்கார்ந்தேன். நான்கு வரிக்குமேல் ஓடவில்லை.

அடுத்த முறை போனபோது பெட்டியில் ஒரு பழைய சாக்கையும் வைத்துக்கொண்டு போனேன். யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளை அதை எடுத்து, இரண்டாக மடித்துத் தரையில் போட்டாள். "சார், நீங்க உக்காருங்க" என்றாள்.