தோற்பது தெரிந்தே நின்றவர்

அன்புள்ள கயலுக்கு,

சங்கத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள், ஆனால் ஜெயிக்க வழியே இல்லை, எதற்கு நிற்பது என்று கேட்டிருந்தாய். உலிசஸ் கிமராயிஸ் என்ற பிரேசில்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் உன்னைப் போல வக்கீல்தான்.

சாவோ பாலோவில் சட்டம் படித்தவர். 1951 முதல் சாகும்வரை இடைவிடாமல் நாடாளுமன்ற உறுப்பினர். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது முதலில் ஆதரித்தவர்களில் அவரும் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. பிறகு, அரசு அனுமதித்திருந்த ஒரே எதிர்க்கட்சிக்குத் தலைவரானார்.

அப்போது அதிபரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. தளபதிகள் கைகாட்டுகிறவருக்கு ஒரு தேர்வுச்சபை வாக்களிக்கும். 1973இல் எர்னெஸ்டோ கைசல்தான் அடுத்தவர் என்று முடிவாகிவிட்டது. உலிசஸ் தன்னை வேட்பாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ‘எதிர்வேட்பாளர்’ என்று அறிவித்துவிட்டுக் கிளம்பினார். துணை அதிபர் இடத்துக்கு உடன் நின்றவர் முதிய பத்திரிகையாளர் பார்போசா லிமா சோப்ரின்யோ. வேட்புமனு இருந்தால் ஊர் ஊராகப் போகலாம், கூட்டம் போடலாம், தணிக்கையைப் பற்றி வாய்திறக்கலாம். அதற்காகத்தான் நின்றார், கயல். பேச ஒரு மேடை வேண்டும், அவ்வளவுதான்.

வாக்கெடுப்புக்கு முன் விலகிவிடுங்கள் என்று கட்சிக்குள்ளேயே சிலர் வற்புறுத்தினார்கள். அவர் விலகவில்லை. அவர்கள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள். 1974 ஜனவரியில் கைசலுக்கு 400, இவருக்கு 76. அதே ஆண்டு நவம்பரில் மக்களே வாக்களித்த செனட் தேர்தல் வந்தது. 22 இடங்களில் 16 எதிர்க்கட்சிக்கு! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்த 76 ஓட்டை வீண் என்று யார் சொல்ல முடியும்?

1978இல் சால்வடோர் நகரில் போலீஸ் நாய்களை ஏவி வழிமறித்தபோது, எதிர்க்கட்சித் தலைவருக்கு மரியாதை கொடுங்கள் என்று சத்தம்போட்டுக்கொண்டே அவர்களுக்கு நடுவே புகுந்துபோனார். 1984இல் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இயக்கத்துக்கு அவரே முகம். அந்தத் திருத்தம் 22 ஓட்டுக் குறைவால் தோற்றது. அப்போதும் வீட்டுக்குப் போய்விடவில்லை. ராணுவ ஆட்சி முடிந்த பிறகு, 1987இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தலைவரானார். முப்பதாயிரம் பேர் கையெழுத்திட்டால் சாதாரண மக்களே அங்கே ஒரு திருத்தத்தை முன்வைக்கலாம் என்று விதி இருந்தது. லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 1988 அக்டோபர் 5 அன்று புதிய அரசியல் சாசனத்தைக் கையில் உயர்த்திப் பிடித்தார். ‘குடிமக்களின் சாசனம்’ என்று அதற்குப் பெயர் சூட்டியவரும் அவர்தான்.

மறு ஆண்டு, மக்கள் நேரடியாக வாக்களித்த அதிபர் தேர்தலில் நின்று ஐந்து சதவீத ஓட்டுக்கூட வாங்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை. 1992இல் ஹெலிகாப்டர் கடலில் விழுந்து மனைவியோடு இறந்தார். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

அந்தச் சாசனத்தின் ஐந்தாம் பிரிவைத் தேடிப் படி. அடிப்படை உரிமைகளை வரிசையாக, நீளமாக அடுக்கியிருக்கிறார்கள். இவ்வளவையும் எழுதிவைத்தால் நீதிமன்றம் தாங்குமா என்று எனக்கு ஒரு கேள்வி. வக்கீலாக நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா