உம்மாவின் பெயர்

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது எங்கள் காரைக்கால் வட்டாரம். அத்தொடர்பால் கோட்டுச்சேரியிலிருந்து பாரிசு சென்று வாழ்வோருள் என் மகனும் ஒருவன். சென்ற ஆண்டு அவனுக்குப் பெண்மகவு பிறந்தது. ஐந்து நாட்களுக்குள் பெயரைப் பதிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஏழாம் நாள் அகீகா வரை காத்திருக்க இயலாது. "உன் உம்மாமாவின் பெயரையே வை, பாத்திமுத்து" என்று தொலைபேசியில் சொன்னேன்.

அவன் தயங்கினான். "பாத்திமா என்று பதிகிறேன் வாப்பா. முத்து அரபுச் சொல் இல்லையே. பள்ளியில் பிள்ளையல்லவா விளக்கம் சொல்ல நேரும்?"

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பால்குடி மறக்கச் செய்தலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது பாத்திமா என்னும் பெயர். பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகளார் தாங்கியதால் அது முஸ்லிம் உலகெங்கும் பரவிற்று. 909இல் வட ஆப்பிரிக்காவில் எழுந்த பாத்திமிய்யா ஆட்சிக்கும் அதுவே பெயராயிற்று. போர்த்துக்கலில் பாத்திமா என்றொரு சிற்றூர் உண்டு. 1917இல் அங்கு மாதா காட்சியளித்ததாகக் கத்தோலிக்கர் நம்புவதால், நம் கிறித்தவ அன்பர் இல்லங்களிலும் பாத்திமா மேரிகள் வளர்கின்றனர். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவரும் ஒரு பாத்திமா பீவியே.

இத்தனை நாடு கண்ட பெயர் தமிழ்க்கரை சேர்ந்ததும் தமிழ் உடுத்தியது. அரபின் ஃபே பகரமாயிற்று. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் பாத்திமா திருமணத்தைத் தனிப் படலமாகவே பாடினார். வீடுகளில் பெயர் இன்னும் குழைந்து பாத்தும்மா என்றும் பாத்திமுத்து என்றும் ஆயிற்று. ஸஹ்ரா என்னும் சிறப்புப் பெயர் ஜொஹரா ஆயிற்று.

எதிர்வீட்டு முத்துலட்சுமியின் பெயருக்கு முன்னே நின்ற அதே முத்துதான் என் உம்மாவின் பெயருக்குப் பின்னே நின்றது. அவ்விருவரும் ஒருவரையொருவர் "முத்து" என்றே அழைத்துக்கொண்டனர்.

மறுநாள் உம்மாவின் பழைய மவ்லிது கிதாபை எடுத்துப் பார்த்தேன். அவர் தமிழெழுத்து அறியார்; அரபுத்தமிழ் அறிவார். முதல் ஏட்டில் தம் பெயரை எழுதியிருந்தார். அரபின் ஃபேயில் தொடங்கி, தமிழின் முத்தில் முடிந்திருந்தது. அவருக்கு அதில் முரண் ஏதும் தோன்றவில்லை.

அந்த ஏட்டைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினேன். நெடுநேரம் கழித்து அவன் பேசினான். "பதிவேட்டில் பாத்திமாதான் வாப்பா. வீட்டில் பாத்திமுத்து என்றே அழைப்போம்."

எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன். பதிவேட்டுப் பெயரை அரசாங்கம் காக்கும். வீட்டுப் பெயரை நாமன்றோ அழைத்து அழைத்துக் காக்க வேண்டும்? ஆகவே நாள்தோறும் மஃரிபுக்குப் பின் தொலைபேசியில் அழைக்கிறேன். "பாத்திமுத்து" என்றால் குழந்தை இப்போது திரும்பிப் பார்க்கிறதாம்.