ஸ்கூட்டிக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயம்!

பரமக்குடியில் ஒரு பொண்ணு ஸ்கூட்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தால், 'கியர் இல்லாதது' என்று தனியாகப் போட்டுவிடுவார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 10-வது பிரிவு. அவசரத்துக்கு அண்ணனோட கியர் பைக்கை எடுத்தால் லைசென்ஸ் இல்லாத கணக்குதான். விபத்துன்னா இன்சூரன்ஸிலும் சிக்கல்.

சரி, காருக்கு? கியரோ, ஆட்டோமேட்டிக்கோ, எல்லாமே இலகு ரக வாகனம். ஆட்டோமேட்டிக்கில் மட்டும் பழகியவர், கிளட்சை மிதித்தே பார்க்காமல், அதே லைசென்ஸோடு கியர் காரில் மதுரை ரோட்டில் ஏறலாம்!

பிரிட்டனில் இது நடக்காது. ஆட்டோமேட்டிக்கில் பாஸானவர் கியர் காருக்கு மறுபடி டெஸ்ட் கொடுக்கணும். ஜப்பானில் 1991 முதல் ஆட்டோமேட்டிக்குக்குத் தனி லைசென்ஸே உண்டு.

பைக்கில் தடுமாறினால் முதலில் விழுவது ஓட்டுபவர். கார் தடுமாறினால் அடிபடுவது ரோட்டோரம் நடப்பவர். அப்ப கியரைப் பற்றி யாரிடம் கேட்கணும்? நீங்களே சொல்லுங்க.