பாராலாச்சாவும் பத்து விரல்களும்

ஹிமாலயப் பிரயாணம் என்று சொன்னதுமே வீட்டிலுள்ள பெரியவர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்து விடுகிறார்கள். கழுத்துக்கு மப்ளர், காதுக்குப் பஞ்சு, தலைக்குக் குரங்குக் குல்லாய் எல்லாம் அதில் ஏறிவிடும். கைவிரல்களின் ஞாபகம் மட்டும் ஒருவருக்கும் வருவதில்லை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதனால் பாதகமில்லை. கையைப் போர்வைக்குள் இழுத்துக் கொண்டால் தீர்ந்தது. மணாலியிலிருந்து லே நகரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவனுடைய சங்கதி வேறு. வலக்கை விரல்கள் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். இடக்கை விரல்கள் கிளட்சைப் பிடிக்க வேண்டும். அவை மரத்துப் போனால், முன்னே வரும் லாரியைக் கண் பார்த்துக் கொண்டுதான் இருக்கும், கை கேட்காது.

சுமார் 430 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில் முன்பெல்லாம் முதல் நாளே ரோதங் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். 2020-ல் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பிறகு, மலைக்கு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவந்து விடலாம். அப்புறம் சந்திரா நதி கூடவே வருகிறது. தாண்டி என்னும் இடத்தில் அதனுடன் பாகா நதி கலக்கிறது. இரண்டும் சேர்ந்த சந்திரபாகாதான் கீழே செனாப் என்று பெயர் பெறுகிறது. இரு நதிகளும் பாராலாச்சாக் கணவாய்ப் பக்கத்தில் பிறந்து, ஆளுக்கொரு திசையாகப் போய், இங்கே மறுபடியும் சந்திக்கின்றன. நமது வழி பாகாவின் கரையோடு மேலே ஏறுகிறது.

கேலாங்கிலிருந்து பாராலாச்சா உச்சிக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் ஏற்றம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் உஷ்ணம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே, காலையில் கேலாங்கில் சுகமாகத் தேநீர் குடித்தவன் உச்சியில் பத்துப் பன்னிரண்டு டிகிரி அதிகக் குளிரில் நிற்பான். வண்டி ஓடும்போது எழும் காற்றையும் இத்துடன் சேர்க்க வேண்டும். சுழி டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது சுழிக்குக் கீழே எட்டு டிகிரிபோல் உறைக்கும். அந்தக் காற்றை முதலில் வாங்கிக் கொள்வது கைகள்தான்.

இதைக் கேட்டதும் கடைக்குப் போய், இருப்பதிலேயே தடித்த கையுறையாக வாங்கத் தோன்றும் அல்லவா? கடைக்காரரும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். சென்னைப் பட்டணத்து வைகாசி வெயிலில், வேர்க்க வேர்க்கப் பஞ்சுக் கையுறைக்குள் கையை நுழைத்துப் பார்க்கும் மனிதனைக் கண்டு மற்ற வாடிக்கைக்காரர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், போட்டுப் பாராமல் வாங்கக் கூடாது. விரல்களை மடக்கும்போது இறுக்கிப் பிடித்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தடித்த கையுறைக்குள்ளேயே விரல் ஜில்லிட்டுப் போகும். வெப்பத்தைக் காப்பது பஞ்சுக்கு நடுவில் அடைபட்டிருக்கும் காற்று. பஞ்சு நசுங்கினால் அதுவும் போயிற்று. புறங்கையில் கனமாகவும் உள்ளங்கையில் மெல்லியதாகவும் இருப்பதே உத்தமம். காற்று புறங்கையில் மோதுகிறது. பிரேக்கை உணர வேண்டியது விரல்களின் உட்புறம். போட்ட கையோடு வண்டியில் உட்கார்ந்து, இரண்டு பிடிகளையும் நாலு தடவை இழுத்துப் பார்த்து விடுங்கள். உள்ளே பட்டினாலோ மெல்லிய கம்பளியாலோ ஆன இன்னொரு உறை போட்டுக் கொள்வதாக இருந்தால், அதையும் போட்டுக் கொண்டே பரீட்சை செய்ய வேண்டும். மணிக்கட்டில் சட்டைக் கைக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி கூடாது.

கைப்பிடியைச் சூடாக்கும் மின்சாரக் கருவிகளும் வந்திருக்கின்றன. நல்லவைதான், ஆனால் உள்ளங்கை வெந்தாலும் புறங்கை விறைத்துக் கொண்டிருக்கும். கைப்பிடிக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் கவசம் மாட்டுவது அதைவிடச் சிலாக்கியம் என்பது என் அபிப்பிராயம். இன்னொரு சமாசாரம்: மார்பு குளிர்ந்தால் உடம்பு தன் ரத்தத்தை உள்ளே இழுத்துக் கொண்டு விரல்களைக் கைவிட்டு விடும். ஆகவே, நல்ல கையுறை வாங்கினோம் என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

குளிரைவிடப் பெரிய சத்துரு ஈரம். பாராலாச்சாவுக்கு ஏறும் வழியில் பனி உருகி வரும் ஓடைகள் சாலைக்குக் குறுக்கே பாய்கின்றன. காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் சக்கரத்தைப் புரட்டப் பார்க்கும். அதைத் தாண்டும்போது தெறிக்கும் தண்ணீரில் சாதாரணக் கம்பளிக் கையுறை நனைந்துவிட்டால், எதிர்க்காற்று அந்த ஈரத்தை உலர்த்தும் சாக்கில் விரல்களின் சூட்டையெல்லாம் கொண்டு போய்விடும். நீர் புகாத மெல்லிய படலம் வைத்துத் தைத்த உறை வேண்டும் என்பது இதனால்தான். நனைந்ததை எஞ்சினின் மேல் வைத்து உலர்த்தினால் தோல் சுருங்கும், படலமும் பாழாகும். இரண்டாவது ஜோடி ஒன்று பைக்குள் இருந்தால் இந்த உபத்திரவம் இல்லை. ஓடைகளை முற்பகலிலேயே தாண்டிவிடுவது அதைவிட புத்திசாலித்தனம்.

இந்தச் சாலையில் எதிர்ப்படும் வண்டிகளில் பல நம் ஊர்க்காரர்கள்தான்! 1956-ல் சென்னை திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கினார்கள். கடற்கரை வெக்கையில் பிறந்த அந்த வண்டி 5,300 மீட்டர் உயரமுள்ள தங்லங் கணவாயில் மூச்சு வாங்கிக் கொண்டு ஏறும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

தங்லங்கைத் தாண்டி இறங்கினால் உப்ஷியில் சிந்து நதி எதிர்கொள்கிறது. பாப்ளார் மரங்களும் வாற்கோதுமை வயல்களும் கண்ணில் படுகின்றன. அங்கே உள்ள தேநீர்க் கடையில் கையுறைகளைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, கண்ணாடித் தம்ளரை இரு கைகளாலும் பிடித்துக் கொள்ளலாம். அதன் சூடு பத்து விரல்களுக்கும் தெரியும்.