ஒரு வரப்பு, ரெண்டு கேஸு

சென்னையில இருக்குற அக்கா மகன் போன்ல கேட்டான்: “ஏன் மாமா, வரப்பை வெட்டிட்டாங்கன்னா போலீஸ்ல ஒரு புகார் கொடுத்தா முடிஞ்சது. இதுக்கு எதுக்குப் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலையணும்?”

டவுன்ல நிறையப் பேருக்கு இந்த நினைப்பு இருக்கு. ஊர்லயும் பாதிப் பேருக்கு அப்படித்தான். எனக்கு வெவரம் புரிஞ்சது, எங்க பக்கத்து வயக்காரங்க கேஸுல சாட்சியா ஏறி இறங்குனப்பதான்.

ஆவுடையார்கோவில் பக்கம் பாதி கண்மாய்ப் பாசனம், மீதி கல்லணைக் கால்வாயோட கடைமடை. தண்ணி கடைசியா வந்து சேர்ற ஊர்ல ஒரு முழ வரப்பும் பெரிய சொத்துதான். 2012 புரட்டாசியில விதைப்புக்கு முன்னால, சின்னவர் வரப்பைச் செதுக்கி ஒன்றரை அடி உள்ள தள்ளிட்டாருன்னு பெரியவர் கேட்கப் போனாரு. ரெண்டு பேரும் பங்காளிங்க. பேச்சு முத்தி, மண்வெட்டிக் காம்பால பெரியவர் மண்டையில ஒரு அடி. நாலு தையல்.

போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணி, கேஸ் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போச்சு. இது கிரிமினல் கேஸ். முதல் நாளே பெரியவருக்கு அதிர்ச்சி. கேஸ் அவர் பேர்ல இல்ல, அரசாங்கத்து பேர்ல. வாதாடுறது அரசு வக்கீல். இவரு முதல் சாட்சி, அவ்வளவுதான். “ஏப்பா, அடி வாங்குனது நானு, கேஸ் எம்பேர்ல இல்லையா?”ன்னு என்கிட்ட ரகசியமாக் கேட்டாரு. அடிச்சது ஊர் அமைதிக்கே செஞ்ச குத்தம், அதனால அரசாங்கமே கேஸை நடத்துதுன்னு வக்கீல் குமாஸ்தா சொன்னாரு. பெரியவருக்கு அது மனசுல ஒட்டவே இல்ல.

நாலு வருஷம் வாய்தா. நான் கூண்டுல ஏறி பார்த்ததைச் சொன்னேன். இன்னொரு சாட்சி, காம்பு எந்தக் கையில இருந்துச்சுன்னு மாத்திச் சொல்லிட்டாரு. கிரிமினல் கோர்ட்ல நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம குத்தத்தை நிரூபிக்கணும். சந்தேகம் வந்தா அது எதிரிக்குச் சாதகம். சின்னவர் விடுதலை.

கோர்ட் வாசல்ல பெரியவர் அப்படியே உட்கார்ந்துட்டாரு. “அப்ப நெலமும் போச்சா?” வக்கீல் சொன்ன பதில் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு: “ஐயா, அவர் அடிச்சாரா இல்லையான்னுதான் இங்க கேட்டாங்க. வரப்பு யாருதுன்னு யாரும் கேட்கவே இல்லையே.”

அதைக் கேட்கிற இடம் முன்சீப் கோர்ட். அங்க ஏற்கெனவே சிவில் கேஸ் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுல பெரியவர் வாதி, சின்னவர் பிரதிவாதி. கோர்ட் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ் எல்லாம் கைக்காசு. அதுக்காக ரெண்டு மாட்டை வித்தாரு. இங்க அளவுகோல் வேற. யார் பக்கம் நம்பத்தகுந்த ஆதாரம் கூடுதலா இருக்குன்னு பார்ப்பாங்க, தராசுத் தட்டு கொஞ்சம் சாய்ஞ்சாலே போதும். ஆனா ஆதாரத்தை நாமதான் தேடிக் கொண்டாரணும். பட்டா இருக்கேன்னு தைரியமா இருந்தா அதுவும் முழுசாப் பத்தாது, மூலப் பத்திரம் வேணும். பெரியவரோட தாத்தா காலத்துப் பத்திரத்துல ‘தஞ்சாவூர் ஜில்லா, அறந்தாங்கி தாலுகா’ன்னு இருந்துச்சு. புதுக்கோட்டை மாவட்டம் 1974-லதானே வந்துச்சு, அதுக்கு முன்னால நாங்கள்லாம் தஞ்சாவூர்க்காரங்க. இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னா நம்புறதில்ல.

பிறகு கோர்ட்டே ஒரு வக்கீலைக் கமிஷனரா அனுப்புச்சு, கூட சர்வேயர். சங்கிலி பிடிச்சு அளந்து, வரைபடம் போட்டு அறிக்கை கொடுத்தாங்க. எங்க ஊர்க் கோயில் கதையிலயே இந்த மாதிரி ஒண்ணு உண்டு. அந்தணர்கள் நெலத்தை ஒரு சிற்றரசன் புடுங்கிக்கிட்டான், பாண்டிய ராஜாகிட்ட வழக்கு போச்சு. சாமியே கிழவரா வந்து, அந்த எடத்தைத் தோண்டச் சொல்லி, தண்ணியைக் காட்டி நெலத்தை மீட்டுக் கொடுத்தாராம். ஸ்தல ஆய்வுதான், வேறென்ன. சாமிக்கு வாய்தா கிடையாது, அதுதான் வித்தியாசம்.

2018-ல பெரியவருக்கு டிக்கிரி ஆச்சு. சின்னவர் சார்பு கோர்ட்ல அப்பீல் போட்டு தடையும் வாங்கிட்டாரு. அங்கயும் முடியலன்னா ஐகோர்ட், மதுரைக் கிளை. 2004-ல அது வர்றதுக்கு முன்னால சென்னைக்குத்தான் போயாகணும். தகராறுல இருந்த அந்தத் துண்டுல அத்தனை வருஷமும் யாரும் விதைக்கல. சீமைக்கருவேல் ஆள் ஒசரத்துக்கு நின்னுச்சு.

கொரோனா முடிஞ்ச வருஷம் பெரியவர் செத்துட்டாரு. பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு காக்கணும், நீர்மாலைக்கு வரணும். சின்னவர் வீட்டுல கதவு சாத்தியே இருந்துச்சு. எனக்கு அந்த ஒன்றரை அடியைவிட அந்தச் சாத்துன கதவுதான் பெருசாத் தெரிஞ்சது. குற்றம் சாட்டப்பட்டவர் செத்துட்டா கிரிமினல் கேஸ் அதோட போச்சு. நெலத்துக் கேஸ் அப்படியில்ல, வாரிசுங்களைச் சேர்த்து மேல நடத்துவாங்க. பெரியவர் மகன் பேர் ஏறுச்சு. கேஸுக்குன்னு 16 எழுத்து, எண் கலந்த ஒரு நம்பர் உண்டு. அதைப் போட்டு பேத்தி போன்லயே அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துச் சொல்லும்.

2023-ல லோக் அதாலத்துக்கு அனுப்புனாங்க. மக்கள் நீதிமன்றம்னு பேரு. வருஷத்துல சில சனிக்கிழமை நடக்கும். ரெண்டு பக்கமும் சம்மதிச்சா அதுவே டிக்கிரி, மேல அப்பீல் கிடையாது, கட்டுன கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும். சம்மதம் இல்லன்னா பழையபடி கேஸ் நடக்கும், நஷ்டம் ஒண்ணுமில்ல. ‘மக்கள் நீதிமன்றம்னா ஏழைக்கு, பெரிய கோர்ட்னாதான் தீர்ப்பு’ன்னு பேசுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். நெலத்துத் தகராறுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கல.

இதுக்கு நடுவுல 2024 ஜூலை 1-லேருந்து இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துருச்சு. அடிதடிக்குப் பிரிவு நம்பர் எல்லாம் மாறிப்போச்சு. சிவில் கேஸ் நடக்குற முறை 1908-ம் வருஷச் சட்டப்படிதான் இன்னமும்.

அன்னைக்கு அதாலத்துல, கமிஷனர் அளந்த கோட்டுலயே கல்லு நடுறது, வாய்க்கால் ரெண்டு பேருக்கும் பொதுன்னு முடிவாச்சு. சின்னவருக்கும் எழுபது தாண்டிருச்சு. கையெழுத்துப் போட்டுட்டு பெரியவர் மகன்கிட்ட, “அப்பனுக்குத் திதி என்னைக்குடா?”ன்னு கேட்டாரு. கல்லு நட்ட அன்னைக்கு டேப்போட ஒரு முனையை அவரேதான் பிடிச்சாரு. கருவேலை அள்ள ஜேசிபி வாடகை ஆளுக்குப் பாதி.