மேடைக்குக் கல், கதவுக்கு மைக்கா



சோழவந்தான் வீட்டு அடுப்படியைப் புதுப்பிக்கிறோம். பென்ஷன் பணத்தில் நடக்கும் வேலை. "கிரானைட் எதுக்குப்பா? மேடைக்கு லேமினேட் போட்டா செலவு குறையுமே" என்று பெங்களூரிலிருந்து மகன் சொன்னான்.

லேமினேட் என்பது நாம் சன்மைக்கா என்கிறோமே, அதுதான். பிசினில் ஊறிய காகிதங்களை அடுக்கி, சூடேற்றி அழுத்திய தகடு. 1912-இல் அமெரிக்காவில், மின்சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாக வைக்கக் கண்டுபிடித்தார்கள். 'ஃபார் மைக்கா' என்பதே 'ஃபார்மைக்கா' ஆயிற்று.

நல்ல பொருள்தான். ஆனால் நம் சமையல் வேறு. இட்லிச் சட்டியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி வைப்போம், மைக்கா கொப்பளித்துவிடும். கிரைண்டர் கழுவும் தண்ணீர் விளிம்பு வழியே இறங்கினால் அடிப்பலகை ஊதிப்போகும்.

எங்கள் மேடையில் இருப்பது பழைய கடப்பாக் கல். சுண்ணாம்புக் கல் வகை என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கியிருக்கிறது. மற்றபடி விரிசல்கூட இல்லை.

என் மனைவியிடம் கேட்டேன். "கல்லுக்கு என்ன குறை? பாலிஷ் போட்டாப் போதும். எனக்கு முட்டிதாங்க வலிக்குது. கீழே குனிஞ்சு பாத்திரம் எடுக்க முடியல" என்றார்.

அத்தோடு முடிவாயிற்று. கல் அப்படியே இருக்கும். மிச்சமாகும் பணத்தில் அதன் கீழே இழுப்பறைகள். அவற்றின் முகப்புக்கும் மேல் அலமாரிக் கதவுகளுக்கும் மைக்கா.

வீடு கட்டும் பிள்ளைகளே, கடைக்குப் போகுமுன் அடுப்படியில் தினமும் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வீட்டு மேடையில் என்ன கல் என்று எழுதுங்கள்.